குழந்தைக்கும் நீரிழிவு வரும்: காலத்தே கண்டறியும் பாடம்



நீரிழிவு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுபவர் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர். காலையில் நடைப்பயிற்சி செல்பவர். காப்பியில் சர்க்கரை வேண்டா என்பவர். மாத்திரைப் பெட்டியைப் பையில் வைத்திருப்பவர். பால்மணம் மாறாத குழந்தை ஒன்று நம் நினைவிற்கு வருவதேயில்லை. இந்நோயில் குழந்தைகளுக்கு நேரும் பெருங்கேட்டிற்கு இம்மறதியே காரணமாகின்றது. நோய் தோன்றிய பின்னும் அதனை அறியாமல் கழியும் நாள்களே உயிருக்கு ஊறு விளைவிக்கின்றன.

இப்பாடத்தின் நோக்கம் ஒன்றே. குழந்தையிடம் புதிதாகத் தோன்றும் நான்கு மாற்றங்களை அடையாளம் காணவும், கண்ட அன்றே இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கவும் கற்றுக்கொள்வதே அது. மருத்துவம் செய்தல் மருத்துவர் பணி. குறிகளைக் காணுதல் இல்லத்தார் பணி. குழந்தையைக் குளிப்பாட்டுபவரும், ஊட்டுபவரும், உறங்க வைப்பவரும் நாமே அன்றோ?

உடலினுள் நிகழ்வது என்ன?

நாம் உண்ணும் சோறு, இட்லி, பழம் முதலியவற்றிலுள்ள மாவுப்பொருள் செரித்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றது. இரத்தத்தில் கலந்த சர்க்கரை உடலின் அணுக்களுக்குள் புகுந்தால்தான் ஆற்றலாக மாறும். அவ்வாறு புகுவதற்கு இன்சுலின் என்னும் சுரப்பு தேவை. இரைப்பைக்குப் பின்புறம் அமைந்துள்ள கணையத்தில் பீட்டா அணுக்கள் என்பவை உள்ளன. இன்சுலினைச் சுரப்பவை அவையே.

சிறு குழந்தைகளுக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே, தன் பீட்டா அணுக்களைப் பகையென்று கருதி அழித்துவிடுகின்றது. அதனால் இன்சுலின் சுரப்பது குறைந்துகொண்டே போய், முடிவில் நின்றுவிடுகின்றது.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். களஞ்சியம் நிறைய நெல் இருக்கின்றது, கதவு பூட்டியிருக்கின்றது, சாவி தொலைந்துவிட்டது. வாசல்வரை நெல் குவிந்தும் வீட்டார் பட்டினி கிடக்கின்றனர். அடுப்பெரிக்க வழியின்றி, கூரையின் கைமரங்களைப் பிடுங்கி எரிக்கத் தொடங்குகின்றனர். நீரிழிவுற்ற குழந்தையின் நிலையும் இதுவே. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தும் அணுக்கள் பசித்திருக்கின்றன. ஆகவே உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துப் பயன்படுத்துகின்றது. கொழுப்பு இவ்வாறு எரிகையில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் உண்டாகி இரத்தத்தில் தேங்குகின்றன. அவையே பின்னர் உயிருக்கு நஞ்சாகின்றன.

இனி, நீர் மிகுதியாகப் பிரிவது ஏன் என்று காண்போம். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 180 மில்லிகிராம் அளவு வரை, சர்க்கரையைச் சிறுநீரகம் வெளியே விடாமல் மீட்டுக்கொள்ளும். அவ்வளவைக் கடந்தால் சர்க்கரை சிறுநீரில் வழியும். அது தனியே செல்லாது. நீரையும் தன்னுடன் இழுத்துச் செல்லும். எனவே சிறுநீர் மிகுகின்றது. நீரை இழந்த உடல் தாகம் கொள்கின்றது. உண்டது உடலில் ஒட்டாமையால் குழந்தை இளைக்கின்றது. ஆற்றல் இன்மையால் சோர்கின்றது. நான்கு குறிகளும் ஒரே காரணத்தின் நான்கு விளைவுகள் என்பதைப் புரிந்துகொண்டவர் அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நான்கு குறிகள்

முதலாவது, சிறுநீர் மிகுதல். குழந்தை அடிக்கடி, ஒவ்வொரு முறையும் நிறைய, சிறுநீர் கழிக்கும். இரவில் பலமுறை எழும். பல மாதங்களாகப் படுக்கையை நனைக்காதிருந்த குழந்தை மீண்டும் நனைக்கத் தொடங்கும். இதனை நன்கு உள்ளத்தில் பதித்துக்கொள்ளுதல் வேண்டும். மூன்று வயதுக் குழந்தை படுக்கையை நனைப்பது இயல்பு. ஐந்து வயதிலும் சிலருக்கு அது நீடிக்கும். நாம் கருத வேண்டியது நனைப்பதை அன்று. நின்றுபோன பழக்கம் திரும்பி வருவதையே. அச்சத்தாலும், மலச்சிக்கலாலும், சிறுநீர்த் தொற்றாலும்கூட இவ்வாறு நேரலாம். ஆயினும் நீரிழிவு இல்லை என்று உறுதி செய்த பின்னரே பிற காரணங்களைத் தேட வேண்டும்.

இரண்டாவது, தணியாத தாகம். கோடையில் எல்லாக் குழந்தைகளும் நீர் கேட்கும். வியர்த்து விளையாடிய குழந்தை ஒரு குவளை நீர் பருகினால் தாகம் தீரும். நீரிழிவுற்ற குழந்தையோ பருகிய சிறிது நேரத்திலேயே மீண்டும் கேட்கும். நள்ளிரவில் எழுந்து கேட்கும். குளியலறைக் குழாயிலும் வாய் வைக்கும். வெயிலால் தாகம் கொண்ட குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவும் மஞ்சளாகவும் பிரியும். இக்குழந்தைக்கோ மிகுதியாகவும் தெளிவாகவும் பிரியும். வெயில்தான் காரணம் என்று ஒதுக்குமுன் இவ்வேறுபாட்டை நோக்குக.

மூன்றாவது, இளைத்தல். நன்றாக உண்டும், சில வேளை முன்னினும் மிகுதியாக உண்டும், குழந்தை மெலியும். பாவாடையின் நாடாவை இறுக்கிக் கட்ட நேரிடும். கால்சட்டை இடுப்பில் நிற்காது. சிறு குழந்தையின் அரைஞாண் கயிறு தளர்ந்து கீழிறங்கும். வளரும் குழந்தையின் எடை கூடவேண்டுமேயன்றிக் குறைதல் ஆகாது. "உயரம் கூடுகிறான், அதனால் மெலிகிறான்" என்று நாமே விடை கூறிக்கொள்ளாமல் தராசில் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். தடுப்பூசி அட்டையிலோ பள்ளி மருத்துவச் சோதனைக் குறிப்பிலோ பழைய எடை இருக்கும், ஒப்பிட்டுக் காண்க.

நான்காவது, சோர்வு. ஓடி விளையாடிய குழந்தை திண்ணையில் படுத்துக்கொள்ளும். சிறு காரணத்திற்கும் சிணுங்கும். வகுப்பில் கண் அயரும்.

சிறுநீரில் எறும்பு மொய்த்தலை நம் முன்னோர் இந்நோயின் அடையாளமாக அறிந்திருந்தனர். பண்டை இந்திய மருத்துவ நூல்களும் இதனைக் குறிப்பிடுகின்றன. குழந்தை சிறுநீர் கழித்த இடத்திலோ, கழற்றிப் போட்ட உள்ளாடையிலோ எறும்பு கூடுமாயின், அதனை மெல்ல ஒதுக்கிவிட்டுப் பணி முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஏன் கூடியது என்று எண்ணுங்கள். எறும்பு வராவிடின் நோயில்லை என்றும் கருதலாகாது. வழவழப்பான தரையும் நீர் ஊற்றும் கழிப்பறையும் உள்ள இக்காலத்தில் அக்குறி கண்ணிற் படாமலே போகலாம்.

பேசத் தெரியாத குழந்தை

தாகம் என்று சொல்லத் தெரியாத கைக்குழந்தையிடம் நோயைக் காணுதல் அரிது. ஆகவே கூடுதல் கவனம் வேண்டும். இடுப்புத் துணியோ டயாபரோ வழக்கத்தைவிடக் கனமாகவும் அடிக்கடியும் நனைதல், தாய்ப்பாலுக்கும் நீருக்கும் ஓயாமல் அழுதல், பால் குடித்தும் எடை ஏறாமை, தொடையிடுக்கில் மருந்திட்டும் ஆறாத சிவந்த பூஞ்சைப் புண் ஆகியவை குறிகளாகும். ஆறு மாதத்திற்குள் நீரிழிவு கண்டறியப்படும் குழந்தைகளுக்கு மரபணுச் சோதனை செய்தல் வேண்டும். அவர்களுள் சிலருக்கு ஊசிக்கு மாற்றாக மாத்திரையே போதுமானதாக இருத்தல் கூடும்.

காத்திருக்கக் கூடாத நிலை

முற்கூறிய குறிகளைக் கவனியாது விட்டால், கீட்டோன் அமிலம் தேங்கிய நிலை உண்டாகும். வாந்தி, வயிற்றுவலி, நா வறட்சி, கண் குழிதல், ஓடாமலே ஓடியவர்போல் ஆழ்ந்து விரைந்து மூச்சுவிடுதல், மூச்சில் அழுகிய பழத்தின் வாடை, மயக்கம் ஆகியவை தோன்றும். பெரிய குழந்தைகளுக்கு இந்நிலை வரச் சில வாரங்கள் ஆகலாம். சிறு குழந்தைகளுக்குச் சில நாள்களே போதும்.

இந்நிலையில் குழந்தையைக் காண்போர் வேறு நோயென்று மயங்குவது உண்டு. வாந்தியைக் கண்டு உணவு ஒவ்வாமை என்பர்; மூச்சைக் கண்டு சளி, இழுப்பு என்பர்; வயிற்றுவலியைக் கண்டு பூச்சி என்றோ குடல்வால் அழற்சி என்றோ கருதுவர். இங்கே தாய்மார்க்கு ஓர் எளிய அடையாளம் கூறுவேன். வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் நீரிழந்த குழந்தைக்குச் சிறுநீர் குறையும். வாந்தி எடுத்து, நா வறண்டு கிடக்கும் குழந்தைக்குச் சிறுநீர் மட்டும் தாராளமாகப் பிரியுமாயின், அது நீரிழிவோ என்று உடனே ஐயுறுதல் வேண்டும். மருத்துவரிடம் இதனை நீங்களாகவே எடுத்துச் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டா. இத்தகைய குழந்தையை இரவு பகல் பாராது 108 ஊர்தியிலேனும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

ஒரு துளி இரத்தம்

சோதனை மிக எளியது. குழந்தையின் கையைக் கழுவித் துடைத்து, விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, குளுக்கோமீட்டர் என்னும் சிறு கருவியில் இட்டால் சில நொடிகளில் அளவு தெரியும். பழமோ இனிப்போ தொட்ட கையைக் கழுவாமல் சோதித்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். ஆதலால் கழுவுதல் கட்டாயம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும், குடும்ப மருத்துவரிடத்திலும், தாத்தா பாட்டிக்கு நீரிழிவு உள்ள பல இல்லங்களிலும் இக்கருவி உண்டு.

குறிகள் உள்ள குழந்தைக்கு, உண்ட பின்னரோ உண்ணாமலோ எந்நேரத்தில் சோதித்தாலும் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது நீரிழிவையே சுட்டும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். எட்டு மணி நேரம் உண்ணாதிருந்து சோதிக்கையில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருத்தல் நீரிழிவின் அளவாகும். ஆனால் குறிகளுள்ள குழந்தையைப் பட்டினியிட்டு மறுநாள் காலைவரை காத்திருத்தல் தவறு. கருவியில் எண்ணுக்கு மாறாக "ஹை" என்னும் ஆங்கிலச் சொல் தோன்றினால், கருவி பழுதென்று எண்ணாதீர்கள்; சர்க்கரை கருவியின் எல்லையையே கடந்துவிட்டது என்பது அதன் பொருள். அளவு இயல்பாக இருந்தும் குறிகள் தொடர்ந்தால் மருத்துவரைக் கண்டு மீண்டும் சோதித்துக்கொள்க.

மருத்துவமனைக்குச் செல்லும்வரை குழந்தைக்கு வெறும் நீரைத் தடையின்றிக் கொடுங்கள். நிறையச் சிறுநீர் பிரிகின்றதே என்று நீரைக் குறைத்தல் கேடு. சோர்ந்திருக்கின்றதே என்று குளுக்கோஸ் தூளும் பழச்சாறும் கரைத்துக் கொடுத்தல் பெருங்கேடு.

ஒரு சுவரொட்டி செய்த நன்மை

இத்தாலி நாட்டில் பார்மா என்னும் மாவட்டம் உண்டு. அங்கே 1987 முதல் 1991 வரை புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளில் 78 விழுக்காட்டினர், அமிலம் தேங்கிய ஆபத்தான நிலையிலேயே மருத்துவமனையை அடைந்தனர். 1991ஆம் ஆண்டு மருத்துவர்கள் ஒரு முயற்சியை மேற்கொண்டனர். மிகுந்த தாகம், மிகுந்த சிறுநீர், படுக்கையை நனைக்காதிருந்த பிள்ளை மீண்டும் நனைத்தல் ஆகியவற்றை விளக்கும் சுவரொட்டியைப் பள்ளிகள்தோறும் ஒட்டினர். குழந்தை மருத்துவர்களுக்குச் சோதனைக் கருவிகளை வழங்கினர். 1997 வரையிலான அடுத்த ஆண்டுகளில் அவ்வளவு 12.5 விழுக்காடாகக் குறைந்தது.

அங்கே புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. குறிகளைக் காணும் கண் கிடைத்தது, அவ்வளவே. ஆசிரியப் பணியில் உள்ள நம் சகோதர சகோதரிகள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறேன். ஒரு மணி நேரத்தில் இருமுறை வெளியே செல்ல அனுமதி கேட்கும் சிறுவனையும், நீர்ப்புட்டியை ஓயாமல் நாடும் சிறுமியையும் ஒழுங்கீனர் என்று எண்ணிக் கண்டிப்பது எளிது. பெற்றோருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புவது அதனினும் எளிது. அதில் ஓர் உயிர் பிழைக்கலாம்.

களைய வேண்டிய எண்ணங்கள்

"இனிப்பு மிகுதியாகக் கொடுத்ததால் வந்தது" என்று தாயைப் பழிப்பவர் உண்டு. முதல் வகை நீரிழிவு இனிப்புத் தின்பதால் வருவதன்று. தாய் கருவுற்றிருக்கையில் உண்ட உணவாலும் வருவதன்று. "நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்பர். இந்நோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர்க்குக் குடும்பத்தில் வேறெவருக்கும் இது இருப்பதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை.

"பாகற்காய்ச் சாறும் வேப்பிலையும் கொடுத்துப் பார்ப்போம்" என்பது மிக ஆபத்தான எண்ணம். இல்லாத இன்சுலினை எச்சாறும் ஈடு செய்யாது. மருத்துவம் தொடங்கிய சில வாரங்களில், எஞ்சிய பீட்டா அணுக்கள் சற்றே தேறுவதால் ஊசி மருந்தின் தேவை குறைவதும் உண்டு. அப்போது குணமாகிவிட்டது என்று எண்ணி ஊசியை நிறுத்திய குடும்பங்கள் பெருந்துயர் அடைந்துள்ளன. அந்த இடைக்காலம் தங்காது. மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளையும் நிறுத்தலாகாது.

"பெண் குழந்தை; வெளியில் தெரிந்தால் நாளை திருமணம் எப்படி?" என்று மறைப்போரும் உளர். மறைக்கப்பட்ட நோய் மருந்தை இழக்கின்றது. பள்ளியில் மயங்கி விழுந்தால் உதவ ஆளின்றிப் போகின்றது. முதலில் குழந்தை வாழட்டும். முறையாக இன்சுலின் செலுத்தி வளர்ந்த பெண்கள் கற்கின்றனர், பணி புரிகின்றனர், மணந்து மக்களைப் பெற்று வாழ்கின்றனர்.

நம் இல்லங்களுக்குச் சில சொற்கள்

நம் இல்லங்கள் பலவற்றில் பொழுது சாய்ந்த பின் உண்பதில்லை. சிலர் நீரும் அருந்துவதில்லை. அவ்வொழுக்கத்திலேயே வளர்ந்த குழந்தை திடீரென இரவில் நீருக்கு அழுமாயின், அடம் என்றும், ஒழுக்கம் தவறுகிறது என்றும் அதட்டிவிடாதீர்கள். நல்ல பழக்கமுள்ள குழந்தை ஏன் மாறியது என்று கேளுங்கள். நமது ஒழுக்கமே இங்கே நோயை விரைந்து காட்டும் அளவுகோலாகின்றது.

நோய் உறுதியான பின், இன்சுலின் பெறும் குழந்தைக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் வந்தால், நள்ளிரவாயினும் சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்தே ஆக வேண்டும். நோன்பு நாளிலும் அவ்வாறே. அது விருந்தன்று, மருந்து. நோன்பு பற்றிய ஐயங்களை மருத்துவரிடமும் அறவோரிடமும் பின்னர்க் கேட்டுத் தெளியலாம். குழந்தையின் உயிர் அதுவரை காத்திராது.

இன்சுலின் விலங்கிலிருந்து எடுக்கப்படுவதாயிற்றே என்று தயங்கும் பெரியோரும் இருக்கலாம். 1921இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் இதனைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியனார்டு தாம்சன் என்னும் சிறுவனுக்கு முதன்முதல் செலுத்தப்பட்டது. சாகும் நிலையிலிருந்த அவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். அன்றும் அதன்பின் பல ஆண்டுகளும் அது மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே பெறப்பட்டது உண்மை. 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலினை ஆக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. இன்று குழந்தைகளுக்குப் பொதுவாகத் தரப்படுவது இம்முறையில் ஆக்கப்பட்டதே. ஆகவே அத்தயக்கத்தால் ஒரு நாளும் வீணாக வேண்டா.

பாண்டிங் பிறந்த நவம்பர் 14ஆம் நாளே உலக நீரிழிவு நாளாகும். நம் நாட்டில் அதுவே குழந்தைகள் நாள் என்பது நமக்கு நல்ல நினைவூட்டல். ஆண்டுதோறும் அந்நாளில் வீட்டுக் குழந்தைகளின் எடையைக் குறித்து வைக்கும் பழக்கத்தை மேற்கொள்ளலாமே!

மீள்பார்வை வினாக்கள்

இல்லத்தில் அனைவரும் கூடியிருக்கையில் ஒருவர் வினவ, மற்றவர் விடை கூறுக.

1. நான்கு வயதுக் குழந்தை. ஓராண்டாகப் படுக்கையை நனைத்ததில்லை. இவ்வாரம் மூன்று இரவு நனைத்தது. என் செய்வீர்?
விடை: கடிந்துகொள்ளேன். தாகமும் எடையும் நோக்குவேன். இன்றே இரத்தச் சர்க்கரையைச் சோதிப்பேன்.

2. குழந்தை வாந்தி எடுக்கின்றது, நா வறண்டுள்ளது, ஆயினும் சிறுநீர் மிகுதியாகப் பிரிகின்றது. இது எதைக் காட்டும்?
விடை: நீரிழிவால் அமிலம் தேங்கிய நிலையாக இருக்கலாம். உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

3. உண்ணும் அளவு குறையவில்லை; உடை தளர்கின்றது. "வளரும் பிள்ளை" என்று விட்டுவிடலாமா?
விடை: ஆகாது. நிறுத்து, பழைய எடையோடு ஒப்பிட்டு, சர்க்கரையும் சோதிக்க வேண்டும்.

4. சோர்ந்த குழந்தைக்குச் சோதிக்குமுன் குளுக்கோஸ் நீர் தரலாமா?
விடை: தரலாகாது. வெறும் நீரே தருக.

இக்குறிகளைக் காட்டும் குழந்தைகள் அனைவருக்கும் நீரிழிவு இருக்கும் என்பதில்லை. பலருக்குச் சோதனை இயல்பாகவே வரும். அப்போது நாம் இழப்பது ஒரு துளி இரத்தமும் ஒரு நாழிகைப் பொழுதுமே. இருக்கும் ஒரு குழந்தைக்கோ அதுவே வாழ்நாள். இவ்விதழைப் படித்து முடித்தபின், சிறு குழந்தை உள்ள அண்டை வீட்டாருக்கும் இப்பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.